ஜிடிஓ கதையில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க மசில் கார் (சாதாரணக் காரில் பெரிய, வலுவான எஞ்சின் வைத்த வகை) என்று பேச்செடுத்தால் போன்டியாக் ஜிடிஓ வந்துவிடும். கூடவே ஒரு தவறும் வரும்: "1964-ல் ஜிடிஓ என்ற புது மாடல் அறிமுகமானது." இல்லை. அந்த ஆண்டு அது டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் ஓர் ஆப்ஷன், அவ்வளவுதான்.

ஏன் இந்தச் சுற்றுவழி? நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த வரம்பு. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் அதில் ஓட்டை கண்டார்கள். வரம்பு மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே! அப்படித்தான் 389 கன அங்குல வி8 உள்ளே போனது. 5,000 விற்றால் போதும் என்று இருந்தவர்கள் முதல் ஆண்டில் 32,450 விற்றார்கள். தனி மாடல் என்ற தகுதி 1966-ல்தான் வந்தது.

பழைய கார் வாங்குகிறவருக்கு இதில் காசு விஷயம் இருக்கிறது. 1966 முதல் 1971 வரை வின் நம்பர் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) 242 என்று தொடங்கினால்தான் ஜிடிஓ. 1964, 65 கார்களில் நம்பர் லெமான்ஸ் என்பதோடு நின்றுவிடும். பேட்ஜ் ஒட்டிய லெமான்ஸும் அசலும் அங்கே ஒன்றுபோலத் தெரியும். தொழிற்சாலை ஆவணத்தைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

குதிரைத்திறன் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். பின்னாளில் வந்த அடிப்படை 400 கன அங்குல எஞ்சினுக்கு 1970-ல் 350, 1971-ல் 300, 1972-ல் 250. ஆண்டுக்கு 50 தேய்ந்தது போலத் தெரிகிறது, இல்லையா? முதல் சரிவு உண்மை. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனை (எஞ்சினுக்குள் எரிபொருள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 10.25-லிருந்து 8.2-ஆகக் குறைத்தார்கள். இரண்டாவது சரிவு பெரும்பாலும் காகிதத்தில்தான். அதுவரை ஃபேன், சைலன்சர் எதுவும் இல்லாமல் வெறும் எஞ்சினை அளந்தவர்கள், 1972-ல் காரில் இருப்பது போலவே வைத்து அளந்தார்கள். அந்த முறையில் 1971 எஞ்சினே 255-தான்!

'முதல் மசில் கார்' என்ற பட்டத்தை அடித்துச் சொல்லவும் வேண்டாம். 1949 ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88 காரின் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அப்புறம், அதே பெயர் கொண்ட இத்தாலிய ரேஸ் காரான ஃபெராரி ஜிடிஓவை இது வீழ்த்திய கதை. 1964 மார்ச் 'கார் அண்ட் டிரைவர்' இதழில் வந்தது. அந்தச் சோதனைக்கு ஃபெராரி வரவே இல்லை. வந்த வேகமான போன்டியாக்கிலும் இருந்தது 389 அல்ல, 421 எஞ்சின். அதை ஒப்புக்கொண்டவர், போன்டியாக் விளம்பரத்தைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸேதான். பல ஆண்டுகள் கழித்து.