ஒரே ஒரு பைட் அதிகம்: பென்டிரைவில் ஏறாத 4ஜி துண்டு

குடும்பப் படங்களின் பேக்கப்பை லினக்ஸின் ஸ்பிளிட் கட்டளையில் துண்டின் அளவை 4ஜி (4G) என்று கொடுத்துத் துண்டு போட்டேன். கொண்டுபோக வேண்டிய பழைய கணினி, ஃபேட்32 என்ற பழைய ஃபைல் அமைப்பில் ஃபார்மட் செய்த பென்டிரைவை மட்டுமே படிக்கும். கடைசியாக மிஞ்சிய சின்னத் துண்டு ஒழுங்காக ஏறியது. மற்றவையெல்லாம் முடியும் தறுவாயில் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று நின்றுவிட்டன. பென்டிரைவை மாற்றி, மறுபடி ஃபார்மட் செய்து, போர்ட்டையும் மாற்றிப் பார்த்ததில் நாள்கள்தான் போயின.

அப்புறம் அளவை பைட்டிலேயே பார்த்தேன். துண்டு 4,29,49,67,296 பைட். பென்டிரைவில் ஏறியிருந்தது 4,29,49,67,295. ஃபேட்32-இல் ஒரு ஃபைலுக்கு உச்ச வரம்பே அதுதான்!

ஸ்பிளிட்டுக்கு ஜி என்றால் 1024 × 1024 × 1024 பைட். ஜிபி என்றால் சரியாக 100 கோடி. 4ஜிபி என்று மாற்றியதும் எல்லாத் துண்டுகளும் ஏறின. பழைய கணினியில் துண்டுகளைச் சேர்த்த பிறகு, ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எம்டி5 எண்ணும் ஒத்துப்போனது. அப்பாடா!