ட்ரஃபிள் தேடுவதில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு இத்தாலியில் சொந்தம் உண்டு. ஏதாவது ஒரு மடத்தில் சிஸ்டராக இருக்கும் சித்தி, ரோமில் படிக்கும் ஃபாதர், இப்படி. வளைகுடாவில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வழியாக, மணத்துக்காகவே தின்னப்படும் காளான் வகையான ட்ரஃபிளும் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் வந்துவிட்டது: சூட்கேஸில் ஒரு குப்பி எண்ணெயாக, நாய் மண்ணைப் பிறாண்டி அதைத் தேடும் வீடியோவாக. கூடவே சில தவறான எண்ணங்களும்.

அதில் பெரியது, நம் தோட்டத்திலும் கிடைக்கும் என்று நினைப்பது. ட்ரஃபிள் மண்ணுக்கடியில் உருவாகும் ஒரு பூஞ்சையின் காய். ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேர்நுனியை உறைபோல மூடி, மரத்துக்குத் தண்ணீரும் உப்பும் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கித்தான் அந்தப் பூஞ்சை பிழைக்கிறது. ரப்பர், தென்னை, பலா, மா இவற்றின் வேரில் குடியிருக்கும் பூஞ்சைகள் வேறு இனம். மண்ணும் ஒத்துவராது. ட்ரஃபிளுக்குச் சுண்ணாம்பு நிறைந்த, பி.ஹெச். 8-ஐ ஒட்டிய, அதாவது லேசான காரத்தன்மை உள்ள மண் வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கத்துச் செம்மண் அமிலத்தன்மை உள்ளது. போதாக்குறைக்கு ஒழுங்கான குளிர்காலமும் வேண்டும். யாராவது ட்ரஃபிள் நாற்று விற்க வந்தால் இந்த மூன்றையும் கேளுங்கள், ஆள் கிளம்பிவிடுவார்.

இந்தியாவிலேயே ட்ரஃபிள் கிடையாது என்று சொல்லவில்லை. டியூபர் இண்டிகம் என்ற கறுப்பு வகைக்கு 1892-ல் அந்தப் பெயர் வைத்ததே இமயமலையில் கிடைத்ததைப் பார்த்துத்தான். சீனாவில் ஏராளமாக எடுக்கப்படுவதும் அதுதான். மணம் குறைவு, விலையும் குறைவு. விலை உயர்ந்த பிரெஞ்சுக் கறுப்பு ட்ரஃபிளோடு இதைக் கலந்து விற்பது பழைய வியாபார தந்திரம். ஜார்கண்டில் ருக்டா, சத்தீஸ்கரில் போடா என்று மழைக்காலத்தில் சந்தைக்கு வரும் உருண்டைகளும் சுவையானவைதான். ஆனால் அவை வேறு பூஞ்சை.

இங்கே ரப்பர் மூட்டில் உருண்டையாக எதையாவது பார்த்துவிட்டு ட்ரஃபிள் என்று வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் ஆபத்து. அது ஸ்கிளிரோடெர்மா என்ற மண்பந்தாக இருக்கலாம். வெட்டினால் உள்ளே கருநீலமாக இருக்கும், தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும். அதைவிட மோசமானது, இன்னும் குடை விரியாமல் முட்டைபோல இருக்கும் அமனிட்டா என்ற காளான் வகைகள். அவற்றில் சில ஈரலையே அழித்துவிடும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்ற சோதனைகள் எதற்கும் உதவாது. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. தின்று 6 மணி நேரத்துக்கு அப்புறம் வாந்தி தொடங்கினால் அதுதான் கெட்ட அடையாளம். நடுவில் ஒருநாள் சரியானதுபோலத் தோன்றி ஏமாற்றும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சம் இருக்கும் துண்டையும் எடுத்துக்கொண்டு அசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்தவர்கள் காட்டித்தரும் புற்றுக்காளானோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, நாய். ட்ரஃபிளுக்கு நாய் ஏன் என்பது புரிந்தால் பாதித் தவறுகள் தானாகவே போய்விடும். மண்ணுக்குள் கிடக்கும் இந்தப் பூஞ்சைக்கு வித்தைப் பரப்ப வேறு வழியில்லை; யாராவது தோண்டித் தின்றால்தான் உண்டு. அதனால் வித்து முற்றும்போது மணத்தை வெளியே விடுகிறது. அந்த மணத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருள்தான் நாயையும் பன்றியையும் இழுக்கிறது. ஆக நாய் காட்டுவது பழுத்ததை மட்டும். நாய் இல்லாமல் மண்ணைக் கிளறுகிறவர் பிஞ்சையும் எடுத்து, வேரையும் கிழித்து, அடுத்த வருட விளைச்சலையும் கெடுக்கிறார். இத்தாலியில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சி பெற்ற நாயோடுதான் தேட வேண்டும், உரிமம் வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும். பன்றியும் கெட்டிக்காரிதான். ஆனால் கண்டுபிடித்ததை அதுவே தின்றுவிடும், அதன் வாயிலிருந்து பிடுங்குவது லேசான காரியம் இல்லை.

அடுத்தது, இனம் பார்த்துப் பணத்தைக் கொட்டுவது. லகோட்டோ ரோமன்யோலோ என்ற சுருள்முடி நாய்தான் இதற்குப் பேர்போனது. முன்பு சதுப்புநிலத்தில் வாத்து எடுத்துவந்த இனம் அது. அங்கே கலப்பின நாயை வைத்துத் தேடுகிறவர்களும் நிறைய. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் துரத்திப் பிடிக்கும் நாய்கள், முயலுக்கு ஏற்றவை. மோப்ப வேலைக்கு ஆர்வமுள்ள ஒரு லாப்ரடாரோ வீட்டு நாட்டுநாயோ மேல்.

ட்ரஃபிள் இல்லாத ஊரில் நாயைப் பழக்கி என்ன செய்ய என்று கேட்கலாம். மேல்நாடுகளில் மோப்பப் போட்டிகளில் பயன்படும் மணங்களில் கிராம்பும் ஒன்று. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கிராம்பு விளையும் மாவட்டம் நம்முடையது! ஓட்டைபோட்ட சிறு தகரடப்பாவில் நாலைந்து கிராம்பைப் போட்டு இறுக மூடி ஒளித்து வையுங்கள். நாய் மூக்கை அதில் வைத்த அதே நொடி, அதே இடத்தில், ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். இதில் ஆட்கள் செய்யும் தவறுகள் எல்லாம் ஒரே மாதிரி: இனாமைத் தாமதமாகக் கொடுப்பது, கையை நீட்டிக் காட்டிக்கொடுப்பது (நாய் கையைப் பார்க்கப் பழகிவிடும், மூக்கை மறந்துவிடும்), தவறான இடத்தைப் பிறாண்டினால் அதட்டுவது, அலுத்துப்போகும்வரை இழுத்தடிப்பது. உச்சி வெயிலும் வேண்டாம். இரைக்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. கிராம்பைத் தின்னவும் விடாதீர்கள். விளையாட்டைப் பேச்சிப்பாறை, கீரிப்பாறைக் காட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. அது வனவிலங்கு சரணாலயம், நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும்.

இத்தாலிக்கே போகிறவர்கள் முதலில் பருவத்தைப் பாருங்கள். ஆல்பா என்ற ஊரின் பேர்போன வெள்ளை ட்ரஃபிள் இலையுதிர்காலத்தில் தொடங்கி ஜனவரியோடு முடியும். மே, ஜூன் விடுமுறையில் போனால் கிடைப்பது மணம் குறைந்த கோடை வகை. சுற்றுலாப் பயணிகளுக்காக முன்கூட்டியே புதைத்து வைத்து எடுத்துக்காட்டுவதும் நடக்கிறது. கிளம்பிய பத்தாவது அடியிலேயே கிடைத்தால் சந்தேகப்படலாம். அத்தர், சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். நாய்க்கு முன்னால் நடக்காதீர்கள், தின்னக் கொடுக்காதீர்கள். போட்டிக்காரர்கள் காட்டில் விஷம் வைத்து நாய்களைக் கொன்ற சம்பவங்கள் அங்கே உண்டு. அந்நியர் கை நீட்டினால் நாய்க்காரருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ட்ரஃபிள் கிடைத்த இடத்தைப் படமெடுத்து இணையத்தில் போட்டாலும் அவருக்குக் கோபம் வரும்.

சூட்கேஸில் வரும் அந்த எண்ணெய்க் குப்பியை நம்பவே நம்பாதீர்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது ஆலிவ் எண்ணெயும் ஆய்வகத்தில் செய்த ஒற்றை வாசனைப்பொருளும்தான். அதைத் தின்றுவிட்டு ட்ரஃபிள் பிடிக்கவில்லை என்று சொல்வது அநியாயம். உண்மையான வெள்ளை ட்ரஃபிள் கிடைத்தால் அரிசிக்குள் புதைக்க வேண்டாம், ஈரத்தை அரிசி உறிஞ்சிவிடும். காகிதத்தில் சுற்றி, மூடிய கண்ணாடிக் குப்பியில் ஃப்ரிட்ஜில் வைத்து, காகிதத்தைத் தினமும் மாற்றி, சில நாளில் தீர்த்துவிடுங்கள். சமைக்கக் கூடாது. மசாலாவோடும் தேங்காய் அரைத்த குழம்போடும் சேரவே சேராது. சூடான சோறு, நெய், மேலே சீவல். அவ்வளவுதான்.

கல்ஃபிலிருந்து வரும் ஃபகா என்ற பாலைவன ட்ரஃபிள் வேறு சாதி. பாலைவனத்தில் மழைக்குப் பிறகு, குறிப்பிட்ட சிறு செடிகளின் வேரை ஒட்டி வளர்வது. நிலத்தில் விழும் வெடிப்பைப் பார்த்தே எடுத்துவிடுவார்கள், நாய் தேவையில்லை. மணம் மிகக் குறைவு, எனவே பச்சையாகச் சீவிப்போட்டு ஏமாறாதீர்கள். மணல் போகும்வரை பல தடவை கழுவி, தோலை நீக்கி, ஆட்டிறைச்சியோடு வேகவைத்தால்தான் அது ருசி.