குதிகால் வலியும் கெண்டைக்கால் பிடிப்பும்: மலையில் ஓடுகிறவர்களுக்கு

தலவாக்கலைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறேன். ஓட்டத்தின் கடைசியில் கெண்டைக்கால் பிடிப்பு, மறுநாள் காலையில் குதிகால் வலி. இந்த இரண்டுக்கும் நான் முதலில் பார்ப்பது கெண்டைச் சதையின் பலத்தைத்தான்.

பிடிப்பு வந்தால் உடனே நில்லுங்கள். காலை நீட்டி, விரல்களை முழங்கால் பக்கம் மெதுவாக இழுத்து, இறுக்கம் விடும்வரை பிடித்திருங்கள். அப்புறம் கொஞ்சம் நடந்துவிட்டு ஓடலாம். உப்புக் குறைவுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில், பனிமூட்டத்தில், அதிகம் வியர்க்காத காலையிலும் பிடிக்கிறதே! அதுவும் உழைத்துக் களைத்த சதையில்தான் பிடிக்கிறது. ஏற்றம் கெண்டையைக் களைக்க வைக்கும், இறக்கம் தொடையை. பழக்கத்தில் ஓடாத வேகத்தைப் போட்டியில் ஓடினால் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். கொழும்புக்கு இறங்கிப் போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் அந்த வெக்கைக்கு ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், அது ஆபத்து.

"சேர், எழும்பி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துற மாதிரி இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால், பெரும்பாலும் அது உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டையின் வலி. கொழுந்து பறிக்கும் அம்மாமாருக்கும் இதே வலி வருவதுண்டு, அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்து 10 செக்கன் பிடியுங்கள். அப்படி 10 தரம். லயத்துச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

உண்மையான வைத்தியம் இஸ்தோப்புப் படியில், அதாவது வாசல் திண்ணைப் படியில், இருக்கிறது. துவாயைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படியின் ஓரத்தில் முன்பாதத்தால் நில்லுங்கள். மூன்று செக்கனில் குதிகாலை உயர்த்தி, இரண்டு செக்கன் நிறுத்தி, மூன்று செக்கனில் படிக்குக் கீழே இறக்குங்கள். வலிக்கும் காலில் மட்டும், 12 தரம் வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொள்ளுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும், ஒரு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள். அதுவரை ஓட்டத்தைக் குறையுங்கள், செங்குத்தான ஏற்றத்தை விடுங்கள். இறக்கத்தில் எட்டி வைக்காமல் குட்டை அடியாக வையுங்கள். அடி தேய்ந்த சப்பாத்தை மாற்றிவிடுங்கள்.

எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டாலே வலித்தால், இரவிலும் வலித்தால், ஓடாதீர்கள். எலும்பில் கீறல் இருக்கலாம். ஒரு கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, ஓடியபின் சிறுநீர் கறுந்தேயிலை நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.