மணாலி–லே சாலை ‘திறந்துவிட்டது’ என்றதும் டிக்கெட் எடுக்காதீர்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் சென்னையில் பாதிப் பேருக்கு லடாக் ஆசை வந்துவிடுகிறது. பள்ளி விடுமுறையும் அலுவலக விடுப்பும் கூடி வருகின்றன. மலைதான் கூடி வருவதில்லை. லடாக்குக்குப் போகும் மணாலி–லே நெடுஞ்சாலை குளிர்காலத் தொடக்கத்தில் மூடினால், பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் திறக்கிறது. இங்கே 40 டிகிரி கொதிக்கும் நாளில் அங்கே 4,800 மீட்டருக்கு மேலே உள்ள பாராலாச்சா கணவாயில் சாலையின் இருபுறமும் பனிச்சுவர் நிற்கும்.

பலரும் ஏமாறுவது ‘திறப்பு’ என்ற சொல்லில்தான். எல்லைச் சாலைகள் அமைப்பின் குழுக்கள் இருபுறமிருந்தும் பனியை வெட்டிவந்து கைகுலுக்கும் படம் செய்தித்தாளில் வரும். அது அவர்களுக்குத் திறப்பு, நமக்கு அல்ல. முதலில் ராணுவ வண்டிகள், அப்புறம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் உள்ளூர் வண்டிகள், அதுவும் ஒரு நாள் மேலே, மறுநாள் கீழே என்று ஒருவழியாக. பைக்குக்குக் கடைசி இடம். அந்தப் படத்தை நம்பிப் போய், தார்ச்சா சோதனைச் சாவடியில் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தவன் நான். இந்தச் சாலை கடந்துபோகும் லாஹூல்–ஸ்பிதி மாவட்டத்தின் காவல்துறை சாலை நிலவரத்தை அவ்வப்போது வெளியிடுகிறது. எந்த வண்டிக்கு, எந்தத் திசையில், எத்தனை மணிவரை அனுமதி என்பதை அதில் பார்க்க வேண்டும். போன வருடத் தேதியை வைத்துக் கணக்குப் போடுவது வீண். மார்ச், ஏப்ரலில் விழும் பனிதான் தேதியைத் தீர்மானிக்கிறது.

‘அடல் சுரங்கப்பாதை வந்துவிட்டதே’ என்பார்கள். 2020 அக்டோபரில் திறந்த அந்த 9 கி.மீ. சுரங்கம் ரோத்தாங் கணவாயை மட்டுமே தவிர்க்கிறது. அதன் தயவில் குளிர்காலத்திலும் சுரங்கத்துக்கு அப்பால் இருக்கும் கேலாங் ஊர்ப் பக்கம் போகலாம். அதற்கு அப்பால் பாராலாச்சா, லாச்சுங் லா, 5,300 மீட்டரைத் தாண்டிய தங்லாங் லா ஆகிய கணவாய்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

சாலை திறந்திருந்தாலும் நேரம் முக்கியம். காலையில் கணுக்கால் அளவு ஓடும் ஓடை, வெயில் ஏறிப் பனி உருகியதும் மாலையில் முழங்காலைத் தொடும். அதனால் விடிந்ததும் கிளம்ப வேண்டும். தாண்டி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பெட்ரோல் நிரப்பாமல் அதைத் தாண்டக் கூடாது.

என்னைக் கேட்டால், மே மாதத்தைவிடக் காலாண்டு விடுமுறை மேல்: மழை ஓய்ந்திருக்கும், ஓடைகள் வற்றியிருக்கும். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. 2018 செப்டம்பர் கடைசியில் எதிர்பாராத பனியில் லாஹூல்–ஸ்பிதியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர்கள் போய் மீட்க வேண்டியிருந்தது. மலையிறங்கும் மறுநாளே தில்லியில் சென்னை விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுவது சூதாட்டம். இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதால், முன்னால் சாலை மூடியிருக்கும் செய்தியும் வந்து சேராது. கேலாங்கிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.