மால்ட் பாகை எப்போது ஊற்றுவது?

அமெரிக்காவில் டென்வரில் இருக்கும் அக்கா மகன், வீட்டில் பீர் காய்ச்சிய பாத்திரத்தைப் போன வாரம் வீடியோவில் சாய்த்துக் காட்டினான். அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அடுப்பின் வளையம் அப்படியே பதிந்திருந்தது. "பீர் முழுக்கத் தீஞ்ச வாடை மாமா" என்றான்.

குன்னூரில் அதிரசத்துக்குப் பாகு வைத்த எவருக்கும் காரணம் புரியும். பீருக்கு அடிப்படையான மால்ட் எக்ஸ்ட்ராக்ட், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் தேன் போன்ற பாகு. கொதிக்கும் நீரில் ஊற்றினால் நேரே அடியில் போய் உட்காரும், கரைவதற்குள் கருகும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கரண்டியால் அடியைத் தடவிப் பார்த்து, எதுவும் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு பற்றவையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, மொத்தப் பாகையும் தொடக்கத்திலேயே கொட்டுவது. 20 லிட்டர் பீருக்கான 3 கிலோ பாகை 10 லிட்டர் தண்ணீரில் (மீதித் தண்ணீர் பிறகு சேரும்) ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், பொன்னிறமாக வர வேண்டியது கருப்பட்டிக் காப்பி நிறத்துக்குப் போய்விடும். கால் பங்கை முதலில் போடுங்கள். மீதியைக் கடைசி 15 நிமிடத்துக்கு வையுங்கள். முழுவதையும் கடைசிக்குத் தள்ளுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் இருந்தபோது அப்படிச் செய்து பார்த்தேன். பீருக்குக் கசப்பு தரும் பூவான ஹாப்ஸ் வெறும் தண்ணீரில் வெந்ததில், அதன் கசப்பு நாக்கில் முரடாக நின்றது.

கசப்பைப் பற்றி இன்னொன்று. கரைசல் நீர்த்திருந்தால் ஹாப்ஸின் கசப்பு கூடுதலாக இறங்கும். அதனால் பாகைத் தாமதமாகச் சேர்ப்பவர்கள் ஹாப்ஸைக் குறைக்கச் சொல்வார்கள். மலையூரில் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. 1,600 மீட்டரில் இருக்கும் டென்வரில் 95. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது! ஹாப்ஸும் அப்படித்தான், சூடு குறைந்தால் கசப்பை மெதுவாகத்தான் விடும். ஒன்று கூட்டுவதை மற்றது குறைப்பதால், முதல் முறை செய்முறையில் உள்ள அளவையே போட்டு, குடித்துப் பார்த்து மாற்றச் சொன்னேன்.

பொடியாக வரும் மால்ட், ஆவி பட்டதும் கட்டிதட்டும். தனியாகக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுங்கள்.

அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்ச 1978-லேயே சட்டம் வழிவிட்டது. நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சக் கூடாது; ஊருக்கு வரும்போது இங்கே முயல வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பாகு சேர்த்தபின் மறுபடி கொதி வரும் அந்த ஓரிரு நிமிடம் பால் போலப் பொங்கும். அப்போது ஃபோனை எடுக்காதே, பாத்திரத்தின் பக்கத்திலேயே நில் என்றேன்.