குல்மார்க்கா, அவுலியா: பனிச்சறுக்கு விடுமுறைக்கு எங்கே போகலாம்?

பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்ததுமே எல்லோரும் போனில் மலைப் படங்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, கூட வருபவர்களில் யார் யார் சறுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். எங்கள் வீட்டில் நானும் மகளும் சறுக்குவோம். கணவருக்கு முழங்கால் வலி, வேடிக்கை பார்ப்பதோடு சரி. மாமியாருக்குப் பனியைக் கையில் அள்ளிப் பார்த்தாலே போதும். இப்படிக் கலந்த குடும்பத்துக்கு ஒரு பதில்; கற்றுக்கொள்ளவென்றே கிளம்பும் நண்பர்களுக்கு வேறு பதில்.

குல்மார்க் காஷ்மீரில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் கொங்தூரி வரை, இரண்டாவது அபர்வத் மலையின் தோள் வரை. மேலே ஏறக்குறைய 3,950 மீட்டர். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். ஆனால் அந்த உச்சி புதியவர்களுக்கானது இல்லை. பெரும்பாலும் சீர்செய்யப்படாத, ஆழமான பனி. பனிச்சரிவு அபாயமும் உண்டு. 2024 பிப்ரவரியில்கூட அங்கே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல், எச்சரிக்கை அறிவிப்பைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. முதல் முறை போகிறவர் தன் நேரத்தையெல்லாம் கழிக்கப்போவது ஊரை ஒட்டிய மென்மையான சரிவுகளில்தான். நீச்சல் பழக வந்தவருக்குக் கடலின் ஆழம் எதற்கு? எனவே மலையின் உயரத்தை விட்டுவிட்டு, நீங்கள் பழகப்போகும் சரிவை ஒப்பிடுங்கள்.

அந்தக் கணக்கில் அவுலி எனக்கு மிகவும் பிடித்த இடம். உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே, ஏறக்குறைய 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் வரை நீளும் ஒரே சரிவு. கீழ்ப்பகுதியில் பழகி, கொஞ்சம் கை வந்ததும் நாற்காலி லிஃப்டில் மேலே போகலாம். வழி தவறிப்போக இடமில்லை. மகள் எங்கே இருக்கிறாள் என்று கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வானம் தெளிந்திருந்தால் எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி முழுசாகத் தெரியும். அதைப் பார்த்தபடி சறுக்கி இறங்கும் சந்தோஷத்தை வேறெதற்கும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவுலியில் பனியை நம்ப முடியாது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகச் செயற்கைப் பனி இயந்திரங்களெல்லாம் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகும் பனி போதாமல் போட்டிகள் ரத்தான ஆண்டுகள் உண்டு. குல்மார்க் வடக்கே தள்ளி இருப்பதால் நிலைமை பொதுவாக மேல். அங்கேயும் 2024 ஜனவரியில் சரிவுகள் பழுப்பு நிறமாகக் கிடந்தன; பனி மாதக் கடைசியில்தான் வந்தது. அதனால் இரண்டுக்குமே நான் சொல்வது பிப்ரவரி முதல் பாதி. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வானிலைத் துறையின் முன்னறிவிப்பைக் கவனியுங்கள். மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் ‘மேற்கத்திய இடையூறு’ வருகிறது என்றால் பனி வரும், கூடவே சாலையும் விமானமும் தடைபடலாம்.

அடுத்தது வழி. பல குடும்பங்களுக்கு இதுவே முடிவைச் சொல்லிவிடும். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க்கில் டயருக்குச் சங்கிலி மாட்டிய வண்டிக்கு மாற வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். விமானம் ரத்தானால், 2025 ஜூனிலிருந்து கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலும் ஓடுகிறது. அவுலிக்கோ, ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை 250 கிலோமீட்டர் மலைப்பாதை. விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். வண்டியில் வாந்தி எடுப்பவர்கள் இருந்தால் பீப்பல்கோட்டியில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் ரோப்வேயை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்திவிட்டார்கள். ஜீப்பில்தான் ஏற வேண்டும்.

இவ்வளவு தூரம் போவதற்கு என் மாமியாரிடம் ஒரு காரணம் இருக்கிறது: ஜோஷிமட் நரசிம்மர் கோயில். 108 திவ்ய தேசங்களில் திருப்பிரிதி என்று இந்தத் தலத்தைத்தான் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் பத்ரிநாத் கோயில் மூடியிருக்கும்போது வழிபாடும் இங்கே நடக்கிறது. வீட்டில் பக்தியுள்ள பெரியவர்கள் இருந்து, உடம்பும் தாங்கும் என்றால், அவுலி பக்கம் தராசு கொஞ்சம் சாயும்.

பயிற்சிக்கு குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அவுலியில் உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துகிறது. எங்கே சேர்ந்தாலும், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், ஹெல்மெட் தருவார்களா, உங்கள் கால் அளவுக்கு பூட்ஸ் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பூட்ஸ் மிக முக்கியம். நிமிர்ந்து நின்றால் கால் விரல் முன்னே லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் பின்னால் நகர வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் வேறு ஜோடி கேளுங்கள். சாக்ஸ் நீளமானதாக ஒரே ஜோடி போதும், இரண்டு போட்டால் மடிந்து கொப்புளம் வரும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது.

சரி, என் தீர்ப்பு. சறுக்குபவர்களும் சறுக்காதவர்களும் சேர்ந்து போனால் குல்மார்க். நாம் பழகும் நேரத்தில் மற்றவர்கள் கொண்டோலாவில் ஏறிப் பனியைப் பார்த்துவிட்டு வருவார்கள். இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ உள்ளவர்கள் மட்டும் இரண்டாம் கட்டத்துக்குப் போகும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரு வாரம் லீவு போட்டு, தேதியைத் தள்ளிப்போடும் வசதியும் இருந்து, சறுக்கப் பழகுவதற்கென்றே போகிறீர்கள் என்றால் அவுலி.

முன்பதிவில் முதலில் பயிற்சி வகுப்பை உறுதி செய்யுங்கள், அப்புறம் அறை, அதன்பிறகு விமானம். கொண்டோலா டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்திலேயே முன்கூட்டி எடுங்கள். காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டம் ஓடாது என்பதால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை ஸ்ரீநகரிலோ ரிஷிகேஷிலோ காலியாக விட்டுவையுங்கள்.