பாறை ஏறும் வீடியோக்களை எப்படிப் பார்ப்பது? கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்

கிளைம்பிங் வீடியோ என்று யூடியூபில் தேடினால் முதலில் வந்து நிற்பது, கயிறே இல்லாமல் ஒருவர் செங்குத்துப் பாறையில் தொங்கும் காட்சிதான். புதிதாகப் பார்ப்பவர்கள் அதிலிருந்து தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும் பயம் ஒன்றுதான் மிஞ்சும். அந்த மனிதர் அங்கே என்ன செய்கிறார், ஏன் காலை அப்படி வைத்தார், எதற்காக இடுப்பைத் திருப்பினார் என்பதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஏறத் தெரியாதவர்களும், ஏற ஆரம்பித்துச் சில வாரங்களே ஆனவர்களும் எந்த வரிசையில், எதைக் கவனித்துப் பார்க்கலாம் என்று கீழே சொல்கிறேன்.

படி 1: எது என்ன வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கயிறு இல்லாமல், நாலைந்து மீட்டர் உயரத்துக்குள், கீழே தடித்த மெத்தை போட்டு ஏறுவது போல்டரிங். விழுவது இதில் சாதாரணம்.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, போகும் வழியெல்லாம் அதைக் கொக்கிகளில் மாட்டியபடியே ஏறுவது லீட். கீழே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்த வேலைக்குப் பெயர் பிலே. ஏறுபவர் கடைசிக் கொக்கிக்கு மேலே இரண்டு மீட்டர் போய் விழுந்தால், அதற்குக் கீழேயும் அதே அளவு இறங்கி, கயிற்றின் இழுவையும் சேர்ந்த பிறகுதான் நிற்பார். லீட் வீடியோக்களில் அந்த நீண்ட விழுதல்களைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பலரும் குழப்பிக்கொள்வது ஃப்ரீ கிளைம்பிங்கையும் ஃப்ரீ சோலோவையும். ஃப்ரீ கிளைம்பிங்கில் கயிறு உண்டு. அது விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். அதைப் பிடித்து இழுத்து மேலே போகக் கூடாது. ஃப்ரீ சோலோவில் கயிறே கிடையாது.

ஸ்பீட் என்றும் ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஒரே மாதிரி அமைத்த 15 மீட்டர் சுவரில் ஓட்டப்பந்தயம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். பார்க்கப் பிரமாதம்தான், ஆனால் நுணுக்கம் கற்க உதவாது.

படி 2: போட்டியிலிருந்து தொடங்குங்கள்

மலைக்குப் போவதற்கு முன் பாரிஸ் 2024 பெண்கள் போல்டர் அண்ட் லீட் இறுதிச் சுற்றைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஐஎஃப்எஸ்சி என்ற சர்வதேசக் கிளைம்பிங் கூட்டமைப்பு நடத்திய ஏதாவதொரு உலகக் கோப்பை போல்டரிங் இறுதிச் சுற்று போதும்.

ஏன் போட்டி என்றால், ஒரே பாதையை ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஏறுவதை அங்குதான் பார்க்க முடியும். முன்னால் போனவர் எப்படி ஏறினார் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது, தனி இடத்தில் உட்கார வைத்திருப்பார்கள். உங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும். உயரமானவர் எட்டிப் பிடித்த இடத்தைக் குட்டையானவர் காலை உயர்த்தி வைத்து எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒப்பிடலாம்.

அந்த இறுதிச் சுற்றின் முதல் போல்டரில் ஜப்பானின் ஐ மோரியைக் கவனியுங்கள். உயரம் குறைந்தவர். தொடக்கப் பிடியே அவருக்கு எட்டவில்லை. குதித்துக் குதித்துப் பார்த்து, அந்தப் பாதையில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பினார். பிறகு லீட் சுவரில் அன்றைக்கு மற்ற எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர்தான். கடைசியில் நான்காம் இடம். பாதை அமைப்பவர்கள் செய்தது நியாயமா என்ற விவாதம் உலகம் முழுக்க எழுந்தது. நியாயம் இல்லை என்ற பக்கம்தான் நான். நீங்களே பார்த்து முடிவுசெய்யுங்கள்.

தங்கம் வாங்கிய ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் 2019இல் அந்த ஆண்டின் ஆறு போல்டரிங் உலகக் கோப்பைகளையும் வென்றவர். அவர் ஏறும்போது அவசரம் எங்கே இருக்கிறது, நிதானம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தடுமாறும் இடங்களில் வேகமாகவும், நிற்க முடிகிற இடங்களில் மெதுவாகவும் போவார்.

இங்கே ஒரு பயிற்சி. ஏறுபவர் சுவரைத் தொடுவதற்கு முன் வீடியோவை நிறுத்துங்கள். நீங்களாக இருந்தால் எந்தக் கை எங்கே, எந்தக் கால் எங்கே என்று திரையில் விரல் வைத்து முழுப் பாதையையும் சொல்லிப் பாருங்கள். பிறகு ஓட விடுங்கள். பாதி தப்பாகத்தான் இருக்கும். பத்துப் பாதைகள் கழித்து உங்கள் ஊகம் தேறுவதை நீங்களே உணர்வீர்கள். ஒரு பாதையை எப்படி ஏறுவது என்ற விவரத்தைத்தான் கிளைம்பர்கள் ‘பீட்டா’ என்கிறார்கள்.

படி 3: ஒரே ஏற்றத்தை மூன்று முறை பாருங்கள்

முதல் முறை சும்மா ரசியுங்கள். நம் கண் தானாகக் கையைத்தான் பின்தொடரும். பரவாயில்லை.

இரண்டாம் முறை பாதி வேகத்தில் ஓட விட்டு, கால்களை மட்டும் பாருங்கள். நன்றாக ஏறுபவர் பாதத்தின் நடுவை வைக்க மாட்டார், கட்டைவிரல் நுனியை வைப்பார். வைக்கும் வரை அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பார். வைத்த பிறகு கால் நகராது. புதிதாக ஏறுகிறவர்கள் ஒரே பிடியில் காலை நாலு முறை மாற்றி மாற்றி வைப்போம், அதற்குள் கை ஓய்ந்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் போதும், நீங்கள் பார்க்கிற விதமே மாறிவிடும்.

மூன்றாம் முறை இடுப்பு. சுவரோடு ஒட்டியிருக்கிறதா, வெளியே தள்ளி நிற்கிறதா? இடுப்பு சுவரை நெருங்க நெருங்க எடை கால் மேல் இறங்கும், விரல்களுக்குச் சுமை குறையும். சில இடங்களில் ஒரு காலை எதிலும் வைக்காமல் பக்கவாட்டில் நீட்டிவைத்திருப்பார்கள். அது ஸ்டைலுக்காக அல்ல. உடல் கதவுபோலச் சுழன்று திறந்துவிடாமல் அந்தக் கால் பிடித்து நிறுத்துகிறது. இதற்கு ஃப்ளாகிங் என்று பெயர். குதிகாலைப் பிடியில் கொக்கிபோல மாட்டி இழுத்தால் ஹீல் ஹூக்.

கணினியில் பார்க்கிறீர்கள் என்றால் யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, கமா, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டுங்கள். ஒவ்வொரு ஃபிரேமாக முன்னும் பின்னும் நகரும். குதித்துப் பிடிக்கும் டைனோக்களில் கால் எப்போது சுவரை விடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

படி 4: சாய்வைக் கேமராவிடம் கேட்காதீர்கள்

கீழிருந்து எடுத்த படத்தில் கவிந்து நிற்கும் சுவர்கூடத் தட்டையாகத் தெரியும். மேலிருந்து எடுத்தால் சாதாரணச் சரிவும் பாதாளமாகத் தெரியும். தொங்கும் பொருட்களைப் பாருங்கள். கயிறு, கொக்கி, இடுப்பில் தொங்கும் சாக் பை (கை வியர்வையை உறிஞ்சும் வெள்ளைப் பொடி வைக்கும் பை) எல்லாம் நேர் கீழே தொங்கும். கயிறு பாறையைத் தொட்டபடி படிந்திருந்தால் பாறை மறுபக்கம் சாய்ந்திருக்கிறது, அதாவது ஸ்லாப். பாறையை விட்டு விலகி அந்தரத்தில் தொங்கினால் ஓவர்ஹேங்.

படி 5: இப்போது பாறைக்குப் போகலாம்

செக் நாட்டின் ஆடம் ஓன்ட்ரா 2017 செப்டம்பர் 3 அன்று நார்வேயின் ஃபிளாட்டாங்கர் குகையில் ‘சைலன்ஸ்’ என்ற பாதையை ஏறினார். பாதை எவ்வளவு கடினம் என்று குறிக்கும் தரவரிசையில் 9சி தரம் கொடுக்கப்பட்ட முதல் பாதை அது. அதன் காணொளியும் யூடியூபில் உண்டு. கடினமான இடத்தில் அவர் தலைகீழாகத் திரும்பி, காலை முன்னே விட்டு நகர்வார். ஓய்வெடுக்க வேண்டிய இடத்தில் முழங்காலைப் பாறை இடுக்கில் அழுத்திவைத்துத் தொங்குவார். அந்தப் பிடிக்காகவே கெண்டைக்கால் தசையைத் தனியாகப் பயிற்றுவித்தார். ஏறும்போது உரக்கக் கத்துகிற பழக்கமுள்ளவர், முடித்தபோது கத்தக்கூட முடியாமல் வாயடைத்துப்போனார். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

நம் பக்கத்துப் பாறை வேண்டுமென்றால் கர்நாடகத்தின் ஹம்பி கருங்கல் போல்டர்களில் எடுத்த வீடியோக்களையும், பாதாமியின் செம்மணற்கல் சுவர்களில் எடுத்த லீட் வீடியோக்களையும் தேடுங்கள். ஹம்பியில் விரல்தோலைக் கிழிக்கும் சொரசொரப்பு, பாதாமியில் கிடைமட்டமாக ஓடும் விளிம்புகள். கல் மாறினால் ஏறும் விதமும் மாறுவது நன்றாகத் தெரியும்.

படி 6: நீளப் படங்கள், இந்த வரிசையில்

முதலில் ‘தி டான் வால்’. அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேப்டன் என்ற சுமார் 900 மீட்டர் கருங்கல் சுவர். அதில் டாமி கால்டுவெல், கெவின் ஜோர்கெசன் இருவரும் 2014 டிசம்பர் 27 தொடங்கி 19 நாட்கள், சுவரிலேயே தொங்குகட்டிலில் படுத்து எழுந்து, ஜனவரி 14 அன்று உச்சியைத் தொட்டார்கள். கால்டுவெல்லின் இடது கை ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது, 2001இல் மின்ரம்பத்தில் போனது. படத்தில் அவர் பிடிகளைப் பிடிக்கும் விதத்தை அதை மனதில் வைத்துப் பாருங்கள்.

குளிர்காலத்தில், அதுவும் இருட்டில், தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ஏறுகிறார்களே என்று தோன்றும். வெயிலில் விரல் வியர்க்கும், ஷூ ரப்பர் இளகும். குளிரில்தான் இரண்டும் கல்லைப் பற்றும். பாதையின் 15ஆம் பகுதியில் ஜோர்கெசன் பல நாட்கள் விழுந்துகொண்டே இருப்பார். விரல்தோல் ஆறுவதற்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். அந்தக் காத்திருப்புக் காட்சிகளைத் தள்ளிவிட்டு ஓட்டாதீர்கள். கால்டுவெல் தன் பங்குக்குக் கடினமான பகுதியைக் கடந்த பிறகும் நண்பனுக்காக நின்றார். எந்தக் கிளைம்பிங் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

கடைசியாக ‘ஃப்ரீ சோலோ’. 2019இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அலெக்ஸ் ஹானல்ட் 2017 ஜூன் 3 அன்று அதே எல் கேப்டனில் ஃப்ரீரைடர் பாதையைக் கயிறின்றி 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். இப்போது உங்களுக்குப் பார்க்கத் தெரியும் என்பதால் கவனம் வேறிடத்துக்குப் போகும். கீழ்ப்பகுதி ஸ்லாப்பில் கையால் பிடிக்க ஒன்றுமில்லை, வெறும் பாதத்தின் உராய்வை நம்பி நிற்கிறார். முந்தைய ஆண்டு முயற்சியை அங்கேதான் கைவிட்டுத் திரும்பினார். ‘போல்டர் பிராப்ளம்’ என்ற இடத்தில் இடது காலை எதிர்ச்சுவருக்கு உதைத்து நீட்டுவார். அந்த ஓர் அசைவைக் கயிற்றோடு எத்தனை முறை ஒத்திகை பார்த்தார் என்பதைப் படம் காட்டுகிறது. ஒத்திகைக் காட்சிகளை இரண்டாம் முறையும் பாருங்கள்.

வீடியோவிலிருந்து கற்கக் கூடாதவை

முடிச்சுப் போடுவது, பிலே செய்வது, கயிற்றைக் கழற்றி இறங்குவது. இந்த மூன்றையும் வீடியோவில் பார்க்கலாம், ஆனால் பக்கத்தில் தெரிந்தவர் நின்று சரிபார்க்காமல் செய்யவே கூடாது. கயிற்றை இடுப்பில் கட்டப் போடும் எட்டு முடிச்சு தப்பாக விழுந்திருப்பது புதியவர் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். கயிறில்லாமல் உயரத்தில் ஏறிப் பார்க்கும் ஆசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: வேண்டாம்.

படி 7: உங்களையே எடுங்கள்

ஜிம்மில் ஏறத் தொடங்கியதும் நண்பரிடம் போனைக் கொடுங்கள். நேர் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று. பின்னாலிருந்து எடுத்ததில் கால் வைக்கும் இடம் தெரியும். பக்கவாட்டில் எடுத்ததில்தான் இடுப்பு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரியும். அதே பாதையை நன்றாக ஏறுகிற ஒருவரையும் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒலியை அணைத்துவிட்டு அடுத்தடுத்து ஓட்டி, ஒவ்வொரு பிடியிலும் யார் காலை எத்தனை முறை மாற்றினார் என்று எண்ணுங்கள். மறுநாள் அதே பாதையில், ஒரு முறை வைத்த காலை நகர்த்துவதில்லை என்ற ஒரே விதியோடு ஏறுங்கள்.